கேமரா வாங்கும் முன் அதன் ஃபைலை ஒருமுறை டைம்லைனில் போட்டுப் பாருங்கள்

எச்டி கேமரா எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால், லென்ஸ், சென்சார் பேச்செல்லாம் வருவதற்கு முன்னால் நான் கேட்பது எந்தக் கம்ப்யூட்டரில் எடிட் செய்யப் போகிறீர்கள் என்பதைத்தான். படம் பிடிக்கிற வேலை ஒரு மாலையில் முடிந்துவிடும். அதை உட்கார்ந்து வெட்டுவது வாரக்கணக்கில் இழுக்கும், அத்தனை நாளும் நீங்கள் மல்லுக்கட்டப் போவது கேமரா எழுதிக் கொடுத்த ஃபைலோடுதான். அதனால் நான்கு வகைக் கேமராக்களை அவை தரும் ஃபைலை வைத்தே ஒப்பிடுகிறேன்.

முதலில் கையடக்க வீடியோ கேமராக்கள். சோனியும் பானசோனிக்கும் 2006இல் கொண்டுவந்த ஏவிசிஎச்டி முறையில் எழுதுபவை இவற்றில் நிறைய. நொடிக்கு 24 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரப் பதிவு 11 ஜிபிக்குள் அடங்கிவிடும். இவ்வளவு சிறிதாக எப்படி முடிகிறது என்றால், சுமார் அரை நொடிக்கு ஒரு ஃபிரேமைத்தான் முழுதாக எழுதுகிறது, நடுவில் உள்ளவற்றுக்கு என்ன மாறியது என்று மட்டும் குறித்துக்கொள்கிறது. பார்க்கிறவருக்கு ஒரு குறையும் தெரியாது. எடிட்டருக்குத் தெரியும்: டைம்லைனில், அதாவது சாஃப்ட்வேரில் காட்சிகளை அடுக்கும் பட்டையில், ஜே விசையை அழுத்திப் பின்னால் ஓட்டினால், ஒவ்வொரு ஃபிரேமைக் காட்டவும் கம்ப்யூட்டர் அந்த முழு ஃபிரேமைத் தேடிப் போய், அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும். பழைய லேப்டாப் என்றால் படம் விக்கி விக்கித்தான் நகரும். இன்றைய கம்ப்யூட்டர்களுக்கு இது பெரிய சுமை இல்லை.

இதில் ஒரு பொறி உண்டு, நானே அதில் விழுந்திருக்கிறேன். நீளமான பதிவை இந்தக் கேமராக்கள் ஒரே ஃபைலாக வைக்காமல் துண்டு துண்டாக எழுதும். ஒரு மேடைக் கச்சேரியின் மெமரி கார்டிலிருந்து எம்டிஎஸ் என்ற வீடியோ ஃபைல்களை மட்டும் இழுத்துப் போட்டு வரிசையாக அடுக்கினேன், ஒவ்வொரு இணைப்பிலும் சத்தம் ஒரு கணம் அறுந்தது, அதிலும் ஒன்று ஆலாபனையின் நடுவில். அந்தத் துண்டுகளைச் சேர்க்கும் தகவல் கார்டில் இருக்கும் மற்ற ஃபோல்டர்களில் இருக்கிறது. அதனால் கார்டை அப்படியே முழுதாகக் காப்பி எடுங்கள், எடிட்டிங் சாஃப்ட்வேர் வழியாகவே உள்ளே கொண்டுவாருங்கள்.

அடுத்தது, இப்போது எல்லோரையும் இழுக்கும் எச்.265, 10 பிட், 4:2:2: ஃபைலை இன்னும் இறுக்கிச் சுருக்கும் முறை, அதில் நிறத்துக்கு அதிகப் படிகளும் அதிக விவரமும். வண்ணத்துக்கு இது அருமை. முகத்தின் நிறத்தைத் திருத்தும்போதும் பச்சைத் திரையை வெட்டி எடுக்கும்போதும் 8 பிட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆனால் நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான். விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறதே, ஓடிவிடும் என்று நினைக்கிறார்கள். என்விடியாவின் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகளில் இந்த 4:2:2 வகையைப் பிரித்துக் காட்டும் வன்பொருளே கிடையாது, மொத்தச் சுமையும் பிராசஸர் தலையில் விழும். உள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள 11ஆம் தலைமுறை இன்டெல்லில் அது இருக்கிறது, ஆப்பிளின் எம்1 சிப்பிலும் இருக்கிறது. அதாவது இந்த ஒரு வேலையில் ஒரு சாதாரண லேப்டாப் பெரிய டெஸ்க்டாப்பை முந்திவிடலாம். கம்ப்யூட்டர் ஒத்துவராதா, ப்ராக்ஸி, அதாவது வெட்டுவதற்கு மட்டும் ஓர் இலகுவான நகல், போடலாம், தப்பில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் அதற்கான நேரத்தையும் இடத்தையும் சேர்த்தே கணக்குப் பண்ணுங்கள்.

மூன்றாவது, எனக்குப் பிடித்தது: ஆல் இன்ட்ரா. ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாக முழுதாக இருக்கும். பானசோனிக் ஜிஎச்5 எச்டியிலேயே 10 பிட் 4:2:2வை இப்படி நொடிக்கு 200 மெகாபிட்டில் எழுதும். முன்னால் பின்னால் எங்கே இழுத்தாலும் படம் கூடவே வரும், வெட்டுகிற கைக்கு அந்தச் சுகம் தனி. அதற்கு விலை இடம்: மணிக்கு 90 ஜிபி. மெமரி கார்டும் வேகமானதாக இருக்க வேண்டும், காப்பி வைக்க இரண்டாவது டிஸ்க்கும் வேண்டும்.

நான்காவது, பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே போன்றவை. இவை எடிட்டிங்குக்கென்றே ஆப்பிள் உருவாக்கிய புரோரெஸ் முறையிலேயே நேராக எழுதும், யுஎஸ்பி வழியாக எஸ்எஸ்டியில் பதிந்து அதையே கம்ப்யூட்டரில் செருகி வெட்ட ஆரம்பிக்கலாம். எச்டியில் நொடிக்கு 25 ஃபிரேமுக்கு புரோரெஸ் 422 மணிக்கு 55 ஜிபிதான், ஜிஎச்5இன் ஆல் இன்ட்ராவைவிடக் குறைவு. ஆனால் ஓடுகிற ஆளைத் தானாகத் தொடரும் ஃபோகஸ் அதில் இல்லை, பேட்டரியும் சீக்கிரம் தீரும். குறும்படத்துக்குச் சரி, தனியாளாக நிகழ்ச்சி எடுக்கிறவருக்கு வேண்டாம்.

என் தேர்வைக் கேட்டால், மணிக்கணக்கில் நிகழ்ச்சி எடுப்பவருக்கு முதல் வகையே போதும். நேர்காணல், விளம்பரம், நிறம் திருத்துகிற வேலை என்றால் ஆல் இன்ட்ரா உள்ள கேமரா. எச்.265 மட்டுமே தருவதை, கம்ப்யூட்டரில் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் எடுப்பேன். உங்கள் கார்டைக் கொண்டுபோய், வாங்க நினைக்கும் கேமராவில் ஐந்து நிமிடம் பதிந்து வாருங்கள். அந்த ஃபைலை மூன்று அடுக்காக டைம்லைனில் போட்டு, வண்ணத் திருத்தம் ஒன்றைச் சேர்த்து, ஜே விசையை அழுத்திப் பாருங்கள்.