20 ரிங்கிட் கொடுத்து அரைகுறைப் படம் பார்த்த கதை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மண்டபம் பிடித்துப் பழைய தமிழ்ப் படங்களைத் திரையிடும் குழு ஒன்று கிளம்பியிருக்கிறது. அடுத்து உங்கள் ஊருக்கும் வரலாம் என்பதால் எழுதுகிறேன்.

சென்ற சனிக்கிழமை ‘ஆயிரத்தில் ஒருவன்’ என்றார்கள். எம்.ஜி.ஆர். படம் என்று நினைத்து அத்தை ஆசையாகப் புறப்பட்டுவிட்டார். இல்லை, இது 2010 பொங்கலுக்கு வந்த செல்வராகவன் படம் என்று வழியில் விளக்க வேண்டியிருந்தது. சுவரொட்டியில் ‘வெட்டில்லாத முழுநீளப் படம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆளுக்கு 20 ரிங்கிட். நாங்கள் நான்கு பேர்.

பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கதையே ஒரு கிறுக்கு. 13ஆம் நூற்றாண்டில் பாண்டியரிடமிருந்து தப்பிய சோழரின் வழிவந்தவர்கள் இன்றும் ஒரு தீவில் ஒளிந்து வாழ்கிறார்கள். காணாமற்போன ஆய்வாளரைத் தேடிக் கார்த்தி, ரீமா சென், ஆண்ட்ரியா மூவரும் பொறி பொறியாகக் கடந்து அங்கே போகிறார்கள். முதல் பாதி குதிரைப் பாய்ச்சல். பார்த்திபன் அரசராக வந்ததும் படம் வேறொன்றாகிவிடும். பசி, இருட்டு, பழந்தமிழ். எனக்குப் பிடித்த படம்தான். ஆனாலும் அந்தப் பாதியில் நெளியாமல் உட்கார முடியாது.

இந்தக் கோணல்தான் படத்தை வெட்டித் திரையிட்டவர்களுக்கு வசதியாகப் போயிற்று. மணலில் நாக்கு வறண்டு தவித்தவர்கள் அடுத்த நொடியே பாழடைந்த நகரில் நிற்கிறார்கள். நடராசரின் நிழல் மணலில் விழ, அந்த நிழல் வழியே ஓடிப் புதைமணலைக் கடப்பார்களே, அந்தக் காட்சியையே காணவில்லை. அதற்காகத்தான் நான் இரண்டாம் முறை போனேன்! 8.10க்குத் தொடங்கி, இடைவேளைக்கு 15 நிமிடம் விட்டு, 10.20க்கு விளக்கைப் போட்டுவிட்டார்கள். படமோ சுமார் மூன்று மணி நேரம். ஒரு மணி நேரத்தை அப்படியே விழுங்கியிருக்கிறார்கள்.

வாசலில் ஏற்பாட்டாளரைப் பிடித்துக் கேட்டேன்.

“அண்ணே, இந்தப் படமே அப்படித்தான். பாதி யாருக்கும் புரியாது” என்றார்.

சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். முதன்முறையாகப் பார்த்த இளைஞர்கள் இயக்குநரைத் திட்டிக்கொண்டே மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பணத்தைக் கேட்டபோது டிக்கெட்டின் பின்புறத்தைத் திருப்பிக் காட்டினார். ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்று பொடி எழுத்தில் இருந்தது.

“தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில்கூட, ரீல் அறுந்தால் ஒட்டிப் போடுவார்கள் தம்பி” என்றார் அத்தை. முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டியவர். அவருக்கே அந்த ஆள் பதில் சொல்லவில்லை.

இவர்களிடம் போவதென்றால் படத்தின் நீளத்தை முன்பே தெரிந்துகொண்டு, தொடங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள். டிக்கெட்டையும் சுவரொட்டியின் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். நான் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுச் செய்யப்போகிறேன். கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞரும் தேவையில்லை. 80 ரிங்கிட்டுக்கு இவ்வளவு அலைச்சலா என்று மனைவி கேட்கிறார். அத்தையோ, அந்த மணலை அவர்கள் எப்படித்தான் கடந்தார்கள் என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.