பிரேக் பிடிக்காத வாடகை ஸ்கூட்டர்: புகார் கொடுத்த பிறகும் அதே வண்டியை வாடகைக்கு விட்டார்கள்

நின்றுகொண்டே ஓட்டும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை ஆப் மூலம் வாடகைக்கு எடுப்பவர்கள், அடுத்த முறை ஸ்கேன் செய்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு வலது மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். ஆனால் இதை எழுத வைத்தது கை உடைந்தது இல்லை, அதற்கப்புறம் அந்த நிறுவனம் நடந்துகொண்ட விதம்.

ஆப்பில் வண்டி பச்சை நிறத்தில் காட்டியது, பேட்டரியும் போதுமான அளவு இருந்தது. சமதளத்தில் ஓடியவரை ஒரு குறையும் தெரியவில்லை. சாலை இறக்கமானதும் பிரேக் லீவரை அழுத்தினேன். லீவர் எந்தத் தடையும் இல்லாமல் ஹேண்டில் வரை வந்து ஒட்டிக்கொண்டது. வேகம் குறையவே இல்லை. ஆள் நடமாட்டம் இல்லாத பக்கமாக ஒதுக்கப் பார்த்தேன், முன்சக்கரம் நடைபாதை விளிம்பில் மோதியது. சைக்கிள் சக்கரம் ஏறிப் போகிற மேட்டில்கூட இந்தச் சின்னச் சக்கரம் முட்டிக்கொண்டு நின்றுவிடும். நிற்பது வண்டி மட்டும்தான். அதன் மேல் நிற்கிற உடம்பு அதே வேகத்தில் முன்னால் போய் விழும். கையை ஊன்றினால் மணிக்கட்டு, ஊன்றாவிட்டால் தாடையும் பல்லும்.

விழுந்து கிடக்கும்போதும் வாடகை ஓடிக்கொண்டிருந்தது. சவாரியை முடிக்க வேண்டுமானால் வண்டியை அனுமதிக்கப்பட்ட இடத்தில் நிறுத்திப் படம் எடுத்து அனுப்பு என்கிறது ஆப். ஒரு கையால் அதையெல்லாம் எப்படிச் செய்வது? வழியில் போன ஒரு பெண்மணி வண்டியைத் தூக்கி ஓரமாக நிறுத்தி, சவாரியையும் முடித்துக் கொடுத்தார். அப்புறம் பார்த்தால், தவறான இடத்தில் நிறுத்தியதற்கு அபராதம் என்று தனியாக ஒரு தொகையையும் பிடித்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ஆப்பில் புகார் கொடுத்தேன். வண்டி எண், நடந்த இடம், பிரேக் பிடிக்கவில்லை என்ற விவரம் எல்லாம் எழுதினேன். "உங்கள் பாதுகாப்பு எங்களுக்கு முக்கியம்" என்று தானியங்கிப் பதில் வந்தது. அன்று மாலையே ஆப்பைத் திறந்தேன். அதே எண், அதே பச்சை நிறம், வாடகைக்குத் தயார்! நண்பரை அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். லீவர் அப்படியே தொளதொளவென்று இருப்பதை வீடியோ எடுத்து அனுப்பினார். என் இடத்தில் அடுத்து ஒரு கல்லூரிப் பிள்ளை ஏறியிருந்தால்? இதை அலட்சியம் என்று சொல்லி விட்டுவிட என் மனசு ஒப்பவில்லை. தெரிந்தே ஆளை ஏற்றுகிறார்கள்.

நஷ்டஈடு கேட்டபோது விதிமுறைகளைக் காட்டினார்கள். ஓட்டுவதற்கு முன் வண்டியைச் சோதிப்பது வாடிக்கையாளரின் பொறுப்பாம். இன்சூரன்ஸ் நாம் யார் மீதாவது மோதினால் அவர்களுக்குத்தானாம், ஓட்டுகிற நமக்கு இல்லையாம்.

2018-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், ஸ்கூட்டரில் அடிபட்டவர்களைப் பற்றி அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியும் நகரச் சுகாதாரத் துறையும் சேர்ந்து ஆய்வு செய்தன. அடிபட்டவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தலையில் காயம். மூன்றில் ஒருவருக்கு அதுதான் முதல் சவாரி. சாலையின் மேடு பள்ளத்தைக் காரணம் சொன்னவர்கள் நிறைய. வண்டியிலேயே கோளாறு என்று சொன்னவர்களும் ஐந்தில் ஒருவர் அளவுக்கு இருந்தார்கள். பாரிஸில் 2023 ஏப்ரலில் வாக்கெடுப்பு நடத்தி, வாடகை ஸ்கூட்டர்களையே ஊரை விட்டு அனுப்பினார்கள். வாக்களிக்க வந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை என்றாலும், வந்தவர்களில் 89 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். நான் தடை கேட்கவில்லை. புகார் வந்த வண்டியை ஆள் போய்ப் பார்க்கும்வரை பூட்டி வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். போனில் ஒரு தட்டில் திறக்கிற வண்டியை அதேபோல் பூட்டவும் முடியுமே!

எடுக்கத்தான் வேண்டும் என்றால், ஏறுவதற்கு முன் லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளுங்கள். சக்கரம் உருண்டால் அந்த வண்டி வேண்டாம். ஹேண்டில் தண்டு ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஹெல்மெட் கட்டாயம், இருவர் ஏறவே கூடாது. முடிக்கும்போது பாதையை மறித்து நிறுத்தாதீர்கள். கண் தெரியாதவர்கள் கைத்தடியோடு வருகிற வழி அது.

விழுந்துவிட்டால் வண்டி எண், பிரேக், சாலை மூன்றையும் அங்கேயே வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மருத்துவச் சீட்டில் காரணத்தையும் எழுதி வாங்குங்கள். ஆப்பில் புகார் கொடுத்ததோடு நிற்காமல், அந்த நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்த நகர நிர்வாகத்துக்கும் எழுதுங்கள். நண்பர் எடுத்த வீடியோவை அங்கே அனுப்பிய பிறகுதான் அந்த எண் ஆப்பிலிருந்து மறைந்தது. அபராதத் தொகையைத் திருப்பிக் கொடுத்தார்கள், மருத்துவச் செலவுக்கு இன்னும் பதில் இல்லை. வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.