தண்ணீர்க் கட்டணத்தை யார் வைப்பது? சித்தூர்ப் பக்கத்து அலசல்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் நாங்கள் தமிழ் பேசும் ஊர்களில் தண்ணீருக்குப் பணம் கட்டும் விதம் இடத்துக்கு இடம் மாறும். ஓரிடத்தில் கேரள அரசின் வாட்டர் அத்தாரிட்டி வைத்த மீட்டர், இன்னோரிடத்தில் வீட்டுக்காரர்களே நடத்தும் தண்ணீர்க் கமிட்டியின் வசூல் நோட்டு.

அத்தாரிட்டிக்கு மாநில அரசுதான் கட்டணம் வைக்கிறது. 2023 பிப்ரவரியில் லிட்டருக்கு ஒரு பைசா ஏற்றினார்கள். மாதம் 5,000 லிட்டர் வரைக்குமான குறைந்தபட்சத் தொகை 22.05 ரூபாயிலிருந்து 72.05 ஆனது. ஆண்டுக்கு 5 சதவீதமாக ஏற்றிக்கொண்டே போனால் இந்த இடத்துக்கு வர 24 வருஷத்துக்கு மேல் பிடிக்கும். பல காலம் தள்ளிப்போட்டுவிட்டு ஒரே நாளில் ஏற்றியதுதான் வலித்தது. தொகை வலிக்கவில்லை: 15 லிட்டர் குடத்துக்கு 22 பைசாகூட இல்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள வீட்டுக்கு 15,000 லிட்டர் வரை இலவசம்தான். ஆனால் மாநிலம் முழுமைக்கும் ஒரே விலை வைக்கும்போது, ஏறிய பணத்தில் எங்கள் தெருவின் பழைய குழாய் எந்த வருஷம் மாறும் என்று யாரைக் கேட்பது?

கமிட்டியில் அதைக் கேட்கலாம். உலக வங்கிக் கடனுதவியோடு வந்த ஜலநிதித் திட்டத்தில், போர் போட்டுத் தொட்டி கட்டிய செலவில் ஒரு பங்கை வீட்டுக்காரர்களே கொடுத்தார்கள். கரண்ட் பில், பம்ப் ஓட்டுகிறவர் சம்பளம் இரண்டையும் கூட்டத்தில் வாசித்து, வீட்டுக்கு இவ்வளவு என்று முடிவு செய்வது வழக்கம். எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு. குறையும் அங்கேதான் இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே "இருபது ரூபாய் கூட்டுவோம்" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. கையிருப்பு சேராது. எங்கள் மோட்டார் எரிந்தபோது வீடு வீடாக வசூலித்துத்தான் அதன் கம்பிச்சுருளை (காயில்) மாற்றிக் கட்டினோம்; அதுவரை குடத்தோடு அலைந்தோம். சித்தூரின் கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பகுதி, போர் ஆழமாகப் போகப் போக கரண்ட் செலவும் ஏறும்.

மூன்றாவது வழி மின்சாரத்தில் ஏற்கனவே இருக்கிறது. ஒழுங்குமுறை ஆணையம் வரவு செலவைப் பரிசோதித்து, பொது விசாரணை வைத்து, பிறகுதான் விலை சொல்கிறது. தண்ணீருக்கும் அப்படி ஒன்று வந்தால் நான் வரவேற்பேன், ஒரு நிபந்தனையோடு: விசாரணை திருவனந்தபுரத்தோடு நிற்காமல் எங்கள் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறையிலும் நடக்க வேண்டும், தமிழில் பேசவும் இடம் வேண்டும். குழாய் மாற்றும் செலவைத் தனி இனமாகப் பில்லில் போட்டு, அந்தப் பணத்தைச் சம்பளத்துக்கோ பழைய கடனுக்கோ திருப்பாமல் தனிக் கணக்கில் வைத்தால், மாதம் இன்னும் முப்பது ரூபாய் கூடக் கொடுக்க நான் தயார்.