மூங்கில் சாமான் ஏற்றுமதி: "கோட் எடுத்துத் தாறன்" என்று வருபவரிடம் கவனம்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் மரத்திலும் மூங்கிலிலும் சமையலறைச் சாமான் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களும் அனுப்ப நினைக்கிறவர்களும் தயவுசெய்து இதை முழுக்க வாசியுங்கள். "எச்.எஸ். கோட் நான் எடுத்துத் தாறன், ஐரோப்பா சேர்ட்டிபிகேட்டும் எடுத்துத் தாறன், நீங்க சாமானைக் கட்டித் தந்தாப் போதும்" என்று ஒருவர் வந்தால், காசைக் கையில் கொடுக்க முன் கொஞ்சம் நில்லுங்கள். (எச்.எஸ். கோட் என்பது ஒரு பொருள் எந்த வகை என்று சுங்கத்துக்குக் காட்டும் இலக்கம்.) எங்களுக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

களுவாஞ்சிகுடியில் அக்காவும் அயலில் உள்ள பெண்கள் சிலரும் சேர்ந்து வேப்பமரக் கரண்டி, தேக்கு வெட்டுப்பலகை, மூங்கில் புட்டுக்குழல், மூங்கில் கீற்றில் பின்னிய தட்டு, தும்பு பிரஷ் எல்லாம் செய்கிறார்கள். ஜேர்மனியில் கடை வைத்திருக்கும் எங்கள் ஊர் ஆள் ஒருவர் முதல் ஓடர் தந்தார். சந்தோஷமாகத்தான் தொடங்கினோம். கல்முனைப் பக்கம் ஏற்றுமதி வேலை எல்லாம் பார்த்துத் தருகிறேன் என்று ஒருவர் இருந்தார், கொழும்பில் சுங்கத்துக்குள் தனக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்றார், பெயர் போடவில்லை, முறைப்பாடு போயிருக்கிறது.

அவர் முதலில் கேட்டது ஒவ்வொரு பொருளுக்கும் "கோட் பதிவுக் கட்டணம்". ஒரு பொருளுக்கு 7,500 ரூபாய். இப்படி ஒரு பதிவே கிடையாது. எச்.எஸ். என்பது 1988 முதல் உலக சுங்க அமைப்பு நடத்தும் பொதுவான வகைப்படுத்தல், முதல் ஆறு இலக்கமும் அதைப் பாவிக்கும் எல்லா நாட்டிலும் ஒன்றுதான், அதற்குப் பிறகு வருவதை அந்தந்த நாடு தன் தேவைக்குச் சேர்த்துக்கொள்ளும். இலங்கைச் சுங்கத்தின் தளத்திலேயே முழு அட்டவணையும் இலவசமாக இருக்கிறது. யாருடைய பெயரிலும் அதைப் பதிய வேண்டியதில்லை, யாரும் அதை விற்கவும் முடியாது. பொருள் எந்தத் தலைப்புக்குள் வருகிறது என்று பார்த்து சுங்கப் பிரகடனத்தில், அதாவது கஸ்டெக்கில், எழுத வேண்டும், அவ்வளவுதான். சரி, எழுதித் தரும் வேலைக்கு ஒரு கூலி கேட்டிருந்தால் அதில் நியாயம் இருந்திருக்கும். அவர் கேட்டது இல்லாத ஒன்றுக்கு.

காசை வாங்கிக்கொண்டு கோட்டையாவது சரியாகப் போட்டாரா என்றால் அதுவும் இல்லை. எங்கள் சாமான் எல்லாவற்றையும் ஒரே வரியில் "மரக் கைவினைப் பொருள்" என்று எழுதி 4421-இல் தள்ளிவிட்டார். 4421 என்பது மரப் பொருளில் வேறெங்கும் சேராதவைக்கு உள்ள தலைப்பு. சாப்பாட்டு மேசைக்கும் சமையலறைக்கும் உரிய மரச் சாமானுக்குத் தனித் தலைப்பு இருக்கிறது, அது 4419. அட்டவணையில் மரத்துக்குரிய 44-ஆம் அத்தியாயத்தின் குறிப்பின்படி மூங்கிலையும் மரமாகவே எடுப்பார்கள். அதற்குள்ளே மூங்கில் வெட்டுப்பலகை என்றால் 4419.11, சாப்பிடும் மூங்கில் குச்சி என்றால் 4419.12, புட்டுக்குழல் மாதிரி மற்ற மூங்கில் சாமான் 4419.19. வெப்பமண்டல மரத்தில் செய்தவைக்கு 2022-இல் இருந்து 4419.20 என்று தனியாகப் பிரித்திருக்கிறார்கள், எங்கள் தேக்குப் பலகை அங்கேதான் போயிருக்க வேண்டும். பின்னிய தட்டு மூங்கில்தான், ஆனால் கீற்றாக்கிப் பின்னிவிட்டால் அது 44-இலேயே இல்லை, 4602.11-க்குப் போய்விடும். தும்பு பிரஷின் பிடி மரமாக இருந்தாலும் பிரஷ் பிரஷ்தான், அது 9603. இவ்வளவையும் ஒரு ஆள் அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தால் ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும்.

பெண்கள் உளியும் அரத்தாளுமாகக் குந்தி இருந்து ஒவ்வொரு கரண்டியையும் கைக்கு வழுவழுப்பாக வரும்வரை தேய்த்தார்கள். பெட்டிக்குப் பெட்டி என்ன இருக்கிறது என்று அக்கா கையால் எழுதி ஒட்டினாள். அதையெல்லாம் பார்த்துவிட்டும் ஒரு வரியில் முடித்திருக்கிறாரே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்தது ஐரோப்பா சேர்ட்டிபிகேட். பொருள் எந்த நாட்டில் செய்தது என்று காட்டும் "ஃபார்ம் ஏ" என்ற சான்றிதழ் எடுக்க வேண்டும் என்று தனியாகக் காசு வாங்கினார். கடைசியில் கொண்டுவந்து தந்தது முத்திரை மங்கிய ஒரு கலர் போட்டோகொப்பி. ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற இறக்குமதி வரிச் சலுகைக்கு ஐரோப்பிய ஒன்றியம் இப்போது ஃபார்ம் ஏ கேட்பதே இல்லை. அனுப்பும் பொருளின் பெறுமதி 6,000 யூரோவுக்குள் என்றால், இது இலங்கையில் உற்பத்தியான பொருள் என்ற வாசகத்தை அவர்கள் சொன்னபடியே விலைச்சிட்டையில் ஏற்றுமதி செய்பவர் தானே எழுதலாம், எந்தப் பதிவும் தேவையில்லை. அதற்கு மேலே போனால் ரெக்ஸ் என்ற ஏற்றுமதியாளர் பதிவு வேண்டும், அது கொழும்பில் வர்த்தகத் திணைக்களத்தின் வழியாக. எங்கள் ஓடர் 6,000 யூரோவுக்குக் கிட்டவும் வரவில்லை, அதாவது அந்தக் காசு முழுக்கத் தண்டம்.

இதெல்லாம் பிறகுதான் தெளிவாக வெளியே வந்தது. கஸ்டெக் கொப்பியைத் தாருங்கள் என்று அக்கா திரும்பத் திரும்பக் கேட்டாள், "அது சிஸ்டத்துக்குள்ள இருக்கு, உங்களுக்கு விளங்காது தங்கச்சி" என்று தட்டிக் கழித்தார். எங்கள் பெயரில் எங்கள் சாமானுக்குப் போட்ட பிரகடனம் எங்களுக்கு விளங்காதாம்.

ஜேர்மனிக்காரர் போன் எடுத்துச் சொன்னபோதுதான் எல்லாமே உடைந்தது. "தம்பி, நீங்க அனுப்பாத பெட்டியும் இதுக்குள்ள வந்து கிடக்கு" என்றார். ஹாம்பேர்க்கில் சுங்கம் பெட்டிகளைத் திறந்து பார்த்திருக்கிறது. எங்கள் பெயரில், எங்கள் விலைச்சிட்டையோடு, நாங்கள் கட்டாத பெட்டிகள். உள்ளே "மூங்கில் கப்" என்று எழுதிய கோப்பைகள். அந்தக் கல்முனை ஆள் தன்னுடைய வேறொரு வாடிக்கையாளரின் சாமானை எங்கள் லோடுக்குள் செருகி, கப்பல் கூலியை எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்.

அந்தக் கோப்பைகள் மூங்கிலும் இல்லை. மெலமைன் பிளாஸ்டிக்கில் மூங்கில் தூளைக் கலந்து வார்த்தவை. வகைப்படுத்தலில் அது பிளாஸ்டிக் சமையல் சாமான், 3924. அதைவிடப் பெரிய பிரச்சினை, உணவோடு தொடும் பிளாஸ்டிக்கில் மூங்கில் தூளைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி இல்லை. சூடான தேநீர் ஊற்றினால் அதிலிருந்து மெலமைனும் ஃபோர்மல்டிஹைடும் இறங்குகின்றன என்று ஜேர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனமே எச்சரித்திருக்கிறது, 2021-இல் இதைப் பிடிப்பதற்கென்றே ஐரோப்பாவில் ஒரு தனி நடவடிக்கை தொடங்கினார்கள். அப்படிப்பட்ட சாமான், "இலங்கை உற்பத்தி" என்று எங்கள் பெயருக்குக் கீழே போயிருக்கிறது! எங்கள் பெண்கள் செய்த கரண்டியில் ஒரு சொட்டு இரசாயனப் பூச்சு கிடையாது.

கோப்பைகளை அங்கேயே அழித்துவிட்டார்கள். எங்கள் சாமானைக் கோட் திருத்தி, களஞ்சியக் கட்டணம் கட்டி, வாங்குபவர்தான் வெளியே எடுத்தார், அந்த மனிதரின் பொறுமையால்தான் அடுத்த ஓடரைப் பற்றி இன்னும் கதைக்க முடிகிறது. இன்னொன்றும் சொன்னார், பெட்டிகளை வைத்திருந்த மரப் பலட்டில் முத்திரை இல்லையாம். பூச்சி பரவாமல் இருக்க, உள்வெப்பம் 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கியதற்கோ புகையடித்ததற்கோ அடையாளமாகக் கோதுமைக் கதிர் போட்ட ஒரு முத்திரை பலட்டில் குத்தியிருக்க வேண்டும். "புகையடிப்புக் கட்டணம்" என்று எங்களிடம் வாங்கிய காசு எங்கே போனது என்று அந்தக் கல்முனை ஆளுக்குத்தான் தெரியும்.

பிறகு விசாரித்ததில் இவர் சுங்கத்தின் அனுமதிப்பத்திரம் பெற்ற முகவரே இல்லை. எங்கள் பைலைக் கொழும்பில் யாரோ ஒரு முகவரிடம் தள்ளிவிட்டு இடையில் இருந்து காசு பார்த்திருக்கிறார். அனுமதி பெற்ற முகவர் என்றால் இலக்கம் இருக்கும், கேட்டால் காட்டுவார், கஸ்டெக் கொப்பியும் தருவார், அதில் ஒவ்வொரு பொருளையும் தனி வரியில் எழுதியிருக்கிறதா, பெட்டி எண்ணிக்கை நீங்கள் கட்டியதோடு ஒத்துப்போகிறதா என்று கப்பல் ஏற முன் பார்க்கலாம். கோட்டில் சந்தேகம் இருந்தால் பொருளின் படத்தையும் எதில் செய்தது என்ற விபரத்தையும் வைத்துச் சுங்கத்திடமே எழுத்தில் கேட்கலாம். நாங்கள் இப்போது அதைத்தான் செய்கிறோம். ஏற்றுமதி அபிவிருத்திச் சபையிலும் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு வழி சொல்கிறார்கள்.

பொலிஸிலும் சுங்கத் தலைமையகத்திலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். ஆள் போனை எடுப்பதில்லை, ஆனால் போன கிழமையும் அக்கரைப்பற்றில் ஒரு குழுவிடம் போய் அதே கதையைச் சொல்லியிருக்கிறார் என்று கேள்வி. "கோட் பதிவு" என்றோ "ஃபார்ம் ஏ" என்றோ இவரிடமோ இப்படி வேறு யாரிடமோ காசு கட்டியவர்கள் பற்றுச்சீட்டு, வாட்ஸப் செய்தி, வங்கிச் சிட்டை எதையும் அழிக்காமல் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள், எங்கள் முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுப்போம்.