சம்பளமா, பதிவேடா?

அரசியல்வாதியைப் பணம் வளைக்காமல் பார்த்துக்கொள்ள ஆளுக்கொரு வழி. சிங்கப்பூர் சம்பளத்தைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு வெளிப்பணத்தை நெருக்குகிறது, அமெரிக்கா பணம் வரட்டும், ஆனால் கணக்கு காட்டு என்கிறது.

2012 சம்பளச் சீரமைப்புப்படி இங்கே சிங்கப்பூரில் புதிய அமைச்சருக்கு ஆண்டுக்கு 1.1 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). தேக்கா காபிக்கடையில் இதைப் பற்றி முனகாத ஆள் குறைவு, அது நியாயமும்கூட. ஆனால் அமெரிக்காவில் ஆண்டுக்கு 174,000 டாலர் வாங்கும் காங்கிரஸ் (அந்நாட்டு நாடாளுமன்றம்) உறுப்பினர் அடுத்த தேர்தலுக்காக ஓயாமல் நிதி திரட்டுகிறார், 2010ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு நிறுவனங்கள் தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் பிரசாரத்துக்குச் செலவழிக்கலாம். இங்கே 2025 தேர்தலில் பிரசாரச் செலவுக்கு ஒரு வாக்காளருக்கு 5 வெள்ளிதான் உச்சவரம்பு, வெளிநாட்டு நன்கொடைக்கும் தடை.

சரி, சம்பளம் ஆசையை அடக்கிவிடுமா? நம் முன்னாள் போக்குவரத்து அமைச்சர் ஈஸ்வரன் வழக்கைப் பாருங்கள். எஃப்1 கார் பந்தய டிக்கெட், விஸ்கி, சைக்கிள் என்று தொழிலதிபர்களிடம் வாங்கிய பரிசுகள், 2024 அக்டோபரில் 12 மாதச் சிறை. கோடீஸ்வரச் சம்பளம் வாங்கியவர்தான்! பிடிபட்டார், தண்டனையும் கிடைத்தது, அது நம் முறையின் பலம்.

அமெரிக்காவிடம் எனக்குப் பிடித்தது ஒன்று: 1995 சட்டப்படி, காசு வாங்கிக்கொண்டு ஒரு நிறுவனத்துக்காக அரசியல்வாதிகளிடம் பேசுபவர், யாருக்காக, எவ்வளவுக்கு என்று பதிவு செய்ய வேண்டும், அதை யாரும் பார்க்கலாம். நம்மிடம் அப்படித் தனிச் சட்டம் இல்லை. என் ஓட்டு நம் முறைக்குத்தான், ஆனால் அந்தப் பதிவேடும் சேர்த்து வேண்டும்.