ஐரிஸ் கிழங்கு வாங்கப் போகிறீர்களா?

காட்பாடியிலிருந்து வேலூர் வரும் வழியில் ஒரு நர்சரியில் கார்த்திகை மாதம் நான்கு ஐரிஸ் கிழங்குகள் வாங்கினேன். கிழங்கு 350 ரூபாய், ஆக 1,400. கடைவாசலில் தொங்கிய படத்தில் மேல் இதழ்கள் தும்பைப்பூ வெள்ளை, கீழ் இதழ்கள் கத்தரிப்பூ நிறம். இந்த நிற அமைப்புக்கு அமீனா என்று பெயராம். ஜப்திக்கு வரும் அமீனா அப்போதே நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

முளைத்து வந்த இலைகள் விசிறி விரித்ததுபோல் ஒரே தளத்தில் அடுக்கடுக்காக நின்றன. ஐரிஸ் இலை அப்படித்தான் இருக்கும் என்பதால் சந்தேகமே வரவில்லை. ஆடியில் மொட்டு விட்டது. விடிந்து பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் சிவப்புப் புள்ளி தெளித்த சின்னப் பூ! ஆறு இதழ்களும் ஏறக்குறைய ஒரே அளவில், தட்டுப்போல் விரிந்து கிடந்தன. அன்று மாலையே ஈரத்துணியைப் பிழிந்ததுபோல் முறுக்கிக்கொண்டு வாடிவிட்டது.

படத்தில் இருந்தது தாடி ஐரிஸ். அதில் மூன்று இதழ்கள் மேலே கூம்பி நிற்கும், மூன்று கீழே தழையும். தழையும் இதழின் நடுவில் கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல் ஒரு மயிர்க்கோடு, அதுதான் தாடி. பூவின் நடுவில் சூல்தண்டு மூன்றாகப் பிரிந்து, அவையும் இதழ்களாகவே விரிந்து, ஒவ்வொன்றும் ஒரு மகரந்தத்தாளுக்குக் கூரை போடும். தாடியின் மேல் நடந்து தேனீ அந்தக் கூரைக்கடியில் நுழையும்போது அதன் முதுகில் மகரந்தம் ஒட்டும். என் பூவில் தாடியும் இல்லை, கூரையும் இல்லை.

பூவைச் செல்போனில் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "இதுவும் ஐரிஸ்தான் அம்மா" என்றார் கடைக்காரர், சற்றும் அசராமல். எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது உண்மை. பிளாக்பெரி லில்லி என்று தனியாக இருந்த இந்தச் செடியை 2005ஆம் ஆண்டு தாவரவியலாளர்கள் ஐரிஸ் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். பெயர் பொய்யில்லை, படம்தான் பொய். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு ஒரு செம்பருத்திக் கன்றை நீட்டினார்.

தாடி ஐரிஸுக்குக் குளிர்காலத்தில் நல்ல குளிர் வேண்டும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில் கிழங்கு அசல் என்றாலும் பூப்பது சந்தேகம்தான். அப்படியும் ஆசை விடவில்லையென்றால், கிழங்கின் ஓரத்தை நகத்தால் கீறிப் பாருங்கள். என் கிழங்கு உள்ளே மஞ்சளாக இருந்தது. தாடி ஐரிஸ் கிழங்கு வெளிறி இருக்கும். சுத்தச் சிவப்பு ஐரிஸ் என்று யாராவது படம் காட்டினால் பையைத் திறக்கவே வேண்டாம், தீயணைப்பு வண்டிச் சிவப்பில் தாடி ஐரிஸ் இதுவரை கிடையாது.

போன வாரம் பஸ்ஸில் அந்த வழியாக வந்தேன். அதே படம் தொங்குகிறது. விலைதான் 400 ஆகியிருக்கிறது.