‘நம்ம ஆள்’ என்று நம்பி கிட்டாரைக் கொடுத்தேன்: டர்பனில் லோகோ பதிக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கையால் செய்த கிட்டாரில் பெயரோ லோகோவோ பதிக்க தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் யாரிடமாவது கொடுக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் சண்டைதான் வளரும். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கிட்டார் நானே செய்தது. டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டு கராஜில், சனி ஞாயிறு மட்டும் உட்கார்ந்து, பதினான்கு மாதம். முதுகும் பக்கப்பலகையும் கியாட் மரம். நம்ம ஊர் வேங்கைக்குப் பங்காளி அது, மரத்தை வெட்டினால் அதே மாதிரி சிவப்பாக வடியும். மேல்பலகை ஸ்ப்ரூஸ். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணி முடிச்சால் தேய்த்துத் தேய்த்துப் பாலிஷ் ஏற்றி, அதன்மேல் லேசாக மெழுகும் போட்டிருந்தேன். இந்த மெழுகை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மிச்சம் இருந்தது ஹெட்ஸ்டாக்கில், அதாவது கம்பியை முறுக்குகிற தலைப்பகுதியில், ‘யாழ்’ என்ற லோகோ மட்டும்தான், மகள் தூரிகையால் எழுதிக் கொடுத்தது. கருங்காலித் தகட்டில் சிப்பியை வெட்டிப் பதிக்க ஆசை. சிப்பித் துண்டு ஒன்றரை மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது, நகைக்காரர்களின் மெல்லிய ரம்பத்தால் ‘ழ’வின் வளைவை அறுப்பதற்குள் மூன்று துண்டை உடைத்துவிட்டேன். சரி, தெரிந்தவரிடம் கொடுத்துவிடலாம் என்று போனதுதான் தப்பு.

அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆனாலும் வாய்க்கு வாய் “அண்ணா, அண்ணா”தான். 1860-ல் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த ட்ரூரோ கப்பலில் அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் வந்திறங்கிய கதையை அரைமணி நேரம் சொன்னார், நானும் உருகிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தேன். ஹெர்மானஸ் ஊர்ப் பண்ணையில் வளர்க்கிற பெர்லமூன் (அபலோன்) சிப்பி, அசல் சரக்கு, 3,800 ராண்ட், அட்வான்ஸ் 2,500, இரண்டு வாரம் என்றார். ரசீது கேட்கவில்லை, கேட்க வெட்கமாக இருந்தது.

இரண்டு வாரம் இரண்டரை மாதமானது. 2023, லோட் ஷெடிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்த நேரம், “கரண்ட் இல்லை அண்ணா, சி.என்.சி. மெஷின் ஓடலை” என்று வாட்ஸ்அப்பில் வரும். நானும் இருட்டில் உட்கார்ந்துதான் அதைப் படித்தேன், நம்பாமல் என்ன செய்வது. கடைசியில் ஒரு சாயங்காலம் கடைக்குப் போய், டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, மீதி 1,300-ஐயும் கொடுத்து வாங்கி வந்தேன்.

மறுநாள் காலை வெயிலில் வைத்துப் பார்த்தால் எழுத்து மினுங்கவே இல்லை. அசல் சிப்பியை லேசாகச் சாய்த்தால் பச்சை, நீலம், ரோஸ் என்று நிறம் ஓடும். இது எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே நிறம். பூதக்கண்ணாடியில் பார்த்தேன், செய்தித்தாள் படம் மாதிரி புள்ளி புள்ளியாக அச்சு. சிப்பிப் படத்தை அச்சடித்து, தண்ணீரில் நனைத்துச் சறுக்கி ஒட்டுகிற டீக்கல்! அதற்குமேல் கிளியர் ஸ்ப்ரே. அரக்கின்மேல் இருந்த மெழுகைத் துடைக்காமலே அடித்திருக்கிறார். மெழுகின்மேல் ஸ்ப்ரே பரவாது, அதனால் ஹெட்ஸ்டாக் முழுக்க மீன்கண் மாதிரி குட்டிக் குட்டிக் குழிகள். டீக்கல் ஓரத்தில் நகத்தை வைத்தால் தட்டுகிறது. மேலே பல பூச்சு ஏற்றி, காயவிட்டு, தேய்த்துச் சமப்படுத்தினால்தான் அந்த விளிம்பு மறையும். ஒரே பூச்சோடு முடித்துவிட்டார்.

டீக்கலை மட்டமாகச் சொல்லவில்லை. ஃபெண்டர் கிட்டார்களிலேயே பெயர் டீக்கல்தான். டீக்கல் என்று சொல்லி, அதற்குரிய காசை வாங்கிக்கொண்டு ஒழுங்காக ஒட்டியிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

இதைவிட வயிறு எரிந்தது வேறொன்றுக்கு. ‘ழ்’ மேல் புள்ளி இல்லை. என் கிட்டாரின் பெயர் ‘யாழ’. போனில் கேட்டேன். “அது பேப்பர்ல ஏதோ அழுக்குன்னு நினைச்சு க்ளீன் பண்ணிட்டேன் அண்ணா” என்றார். கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. தமிழ் தெரியாதவரிடம் கொடுத்தால் புள்ளியை, காலை, சுழியை எல்லாம் விரல் வைத்துக் காட்டிவிடுங்கள். டைப் செய்து மட்டும் அனுப்பாதீர்கள், சில மென்பொருள்களில் ‘கொ’வெல்லாம் பிய்ந்து தனித்தனியாக நிற்கும், எழுத்தை ஃபான்ட் தேவைப்படாத கோட்டு வடிவமாக (அவுட்லைன்) மாற்றி, அசல் அளவில் அச்செடுத்துக் கொடுங்கள். வேண்டாத மரத்துண்டில் ஒரு மாதிரி செய்து தரச் சொல்லுங்கள், மறுத்தால் வந்துவிடுங்கள். சிப்பியா டீக்கலா என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள்.

எனக்குக் கை கொடுத்ததும் அந்த வாட்ஸ்அப்தான், “பெர்லமூன் வந்துடுச்சு அண்ணா” என்று அவரே ஒரு நாள் அனுப்பியிருந்தார். தென்னாப்பிரிக்காவின் 2008-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 54-ம் பிரிவு இருக்கிறது, வேலை தரமாக இல்லையென்றால் சரிசெய்து தரச் சொல்லலாம், அல்லது நியாயமான ஒரு பங்கைத் திருப்பிக் கேட்கலாம். 20,000 ராண்ட் வரைக்குமான வழக்கை ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில், அதாவது சின்னத் தொகை வழக்குகளுக்கான கோர்ட்டில், நாமே போடலாம், வக்கீலுக்கு அங்கே இடமில்லை. அதற்கு முன் 14 நாள் கெடு வைத்துக் கடிதம் கொடுக்க வேண்டும். அந்த மெசேஜின் படத்தையும் கடிதத்தோடு வைத்து நேரில் போய்க் கொடுத்தேன். அன்று ட்ரூரோ கதை எதுவும் வரவில்லை. பதினோராம் நாள் 2,000 ராண்ட் கணக்கில் விழுந்தது. மீதிக்கு அலைய எனக்குத் தெம்பில்லை, விட்டுவிட்டேன்.

ஹெட்ஸ்டாக்கை இப்போது நானே சுரண்டிக் கருங்காலி வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். வட்டமாக வெட்டிய சிப்பிப் பொட்டுகள் கடையில் ரெடியாகவே கிடைக்கின்றன, கழுத்துப் பலகையில் பதிப்பதற்கு. அதில் மூன்று மில்லிமீட்டர் பொட்டு ஒன்றை வாங்கிப் புள்ளியை மட்டும் முதலில் பதித்திருக்கிறேன். ‘யா’வும் ‘ழ’வும் இன்னும் ரம்பத்தடியில்தான் கிடக்கின்றன.